வேலூர்க்காரனுக்கு வெயில் போதவில்லை

வேலூரில் குடியிருந்துகொண்டு வெயில் போதாமல் மாத்திரை சாப்பிடுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான்தான் அது. கத்திரி தொடங்கிவிட்டால் எங்கள் ஊரும் திருத்தணியும் முதலிடத்துக்குப் போட்டி போடும். மாலைச் செய்தியில் வேலூர் பெயரை முதலில் வாசித்துவிட்டால், நானே மெடல் வாங்கியதுபோல நிமிர்ந்து உட்காருவேன். உட்காருவது திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே.

முழங்கால் வலி என்று போன இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் டி இருபதுக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு ஒற்றை இலக்கம். டாக்டர் அம்மா அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எந்த ஊர் சார் நீங்க?”

“இதே ஊர்தான் மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுத்த சீட்டில் மாத்திரையோடு ‘வெயில்’ என்றும் இருந்தது. மாத்திரைக்குத்தான் காசு, வெயில் சும்மா கிடைப்பதுதானே என்று அதையே முதலில் தொடங்கினேன். தினமும் ஏழு மணிக்குக் கூடத்து ஜன்னலோரம் நாற்காலி போட்டு, காலை வெயிலில் நீட்டி, பேப்பர் படிப்பது. கொசுவுக்குப் பயந்து கண்ணாடிக் கதவை மட்டும் சாத்திக்கொள்வேன். பாதம் இதமாகச் சூடேறும். எலும்புக்குள் ஏதோ இறங்குகிறது என்றே நம்பினேன். மறுபரிசோதனையில் எண் அசையவே இல்லை.

“கண்ணாடிக்குப் பின்னாலயா உட்கார்ந்தீங்க?” என்று டாக்டர் அம்மா கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. தோலில் இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள்மேல் புற ஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், அந்தக் கதிரை மட்டும் தடுத்துவிடும். கதவைத் திறந்து வைத்திருந்தாலும் பெரிய லாபம் இல்லை. காலைச் சூரியன் சாய்ந்து வருவதால் கதிர்கள் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடக்க வேண்டியிருக்கிறது; வழியிலேயே ஓசோன் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் வேலை நடக்கும். அதாவது, ஊரே குடை பிடிக்கிற நேரத்தில். இளவெயில் உடம்புக்கு நல்லது என்று சொல்லி வளர்த்த என் பாட்டியைக் குறை சொல்ல முடியாது. அவர் பகல் முழுக்கக் களத்து மேட்டில் நின்றவர். அவருக்கு எந்த வெயில் வேலை செய்தது என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்?

கடைசியில் வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் மாத்திரைக்கே வந்து சேர்ந்தேன். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று படித்துத் தொலைத்தேன். ஆட்டு ரோமத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பிலிருந்து எடுத்த பொருள்மேல் புற ஊதா விளக்கைக் காட்டிச் செய்கிறார்களாம். எனக்குப் பதில் ஒரு ஆட்டின் ரோமம் வெளிச்சத்தில் நின்றிருக்கிறது.

நிழலின் நீளம் மனதில் பதிந்துவிட்டதால், நிழலில்லா நாளைப் பார்த்துவிடுவது என்று அடுத்த ஆசை. வேலூரில் அது ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் வரும். சூரியன் நேர் உச்சிக்கு வந்து, செங்குத்தாக நிற்கும் பொருளின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஒரு மீட்டர் குழாய் ஒன்றை மொட்டை மாடியில் நட்டு, சரியாக 12 மணிக்குப் போய் நின்றேன். மூன்று விரல் அகலத்துக்கு நிழல் இருந்தது. ‘அறிவியல்காரர்கள் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவார்கள்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கால் சுட இறங்கி வந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பையன் கைபேசியில் படம் காட்டினான். அதே குழாய். நிழல் இல்லை. நம் கடிகாரம் மிர்சாபூர் பக்கம் ஓடும் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. வேலூர் அதற்கு மேற்கே இருக்கிறது. அன்றைக்கு எங்கள் உச்சிப்பொழுது 12 மணி 12 நிமிடம் வாக்கில்தான். “கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே அங்கிள்” என்றான்.

ரோஜாச் செடிக்கு நேர்ந்ததும் இதே கணக்குதான். மே மாதம் தள்ளுவண்டிக்காரரிடம் வாங்கி வடக்குப் பார்த்த பால்கனியில் வைத்தேன். நன்றாகப் பூத்தது. ‘வடக்குப் பால்கனியில் செடி வராது என்பதெல்லாம் கட்டுக்கதை’ என்று குடும்பக் குழுவில் படம் போட்டு உபதேசமும் செய்தேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நம் ஊரில் மதியச் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும் என்பது அப்போது தெரியாது. புரட்டாசிக்குள் அது தெற்கே போய்விட்டது. செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டுக்குத்தாக, வெளிறி, இலை உதிர்த்து வளர்ந்தது. உரம் போட்டேன், முட்டை ஓடு போட்டேன். “மாடிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு ஐப்பசியிலேயே சொன்னேன்” என்பது வீட்டுக்காரம்மாவின் இரங்கல் உரை.

சூரியனை ஆராயவே கட்டிய இடம் ஒன்று இருக்கிறதே என்று கொடைக்கானலுக்கும் போனேன். 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்ட பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று கண்டறியச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்கச் சொன்னது பஞ்சக் கமிஷன். அதன் வழியாக 1899-இல் வந்ததுதான் கொடைக்கானல் ஆய்வகம். 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியக் கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டது அங்கேதான். நான் சீசன் கூட்டத்தோடு பிற்பகலில் போய்ச் சேர்ந்தபோது, பனிமூட்டத்தில் எதிரே நின்ற என் தம்பி முகமே தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும், அரசுப் பள்ளி ஒன்றில் தேசிய அறிவியல் நாளுக்குப் பேசக் கூப்பிட்டபோது நான் சொன்ன தலைப்பு ‘சூரியனே உயிர்’. எண்கள் எல்லாம் மனப்பாடம். நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் அங்கே ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் ஆற்றலாக மாறிப் போய்விடுகிறது. 15 கோடி கிலோமீட்டர் கடந்து ஒளி நம்மிடம் வர 8 நிமிடம் 20 நொடி. சோறு சூரியன், பருப்பு சூரியன், மழை சூரியன், பேருந்துக்கு ஊற்றும் டீசல்கூடப் பழங்காலக் கடல் நுண்ணுயிர்கள் சேர்த்துவைத்த வெயில் என்று அடுக்கினேன். “சூரியன் இல்லாமல் ஒரு புழு பூச்சிகூட வாழாது!” என்று முடித்தேன். கைதட்டல் அடங்கியதும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

“சார், ஆழ்கடல்ல வெந்நீர் ஊற்று பக்கத்துல குழாய்ப்புழு வாழுதே? அங்க வெளிச்சமே போகாதே?”

1977-இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே கண்டுபிடித்த ஊற்றுகளை அவள் சொல்கிறாள். வாயும் குடலும் இல்லாத புழு. உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு சமைத்துப் போடுகின்றன. எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தது அந்த நேரத்தில் நாக்குக்கு வர வேண்டுமே. “நல்ல கேள்வி, எல்லோரும் வீட்டில் தேடிப் பாருங்கள்” என்று சொல்லிப் பொன்னாடையோடு தப்பித்தேன்.

டவுன் பஸ் பாதி வழி வந்தபோதுதான் பதில் உதித்தது. அந்த பாக்டீரியா சல்பைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். கடல்நீரில் கரைந்திருக்கும் அந்த ஆக்சிஜன், மேலே வெயிலில் பாசியும் செடியும் விட்டது. ஆக, புழுவுக்கும் சூரியன்தான்! இறங்கியவுடன் ஆசிரியருக்குக் குரல்செய்தி அனுப்பி, அந்தப் பெண்ணுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டச் சொன்னேன். குரலில் கொஞ்சம் வெற்றிப் பெருமிதம் இருந்திருக்கும்.

மறுநாள் ஆசிரியர் கூப்பிட்டார். “கேட்டா சார். ஆக்சிஜனே வேணாம்னு ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் வெச்சு மீத்தேன் விடுற நுண்ணுயிரும் அங்க இருக்காமே, அதுக்கு என்ன சொல்றீங்கன்னு கேக்கறா.”

நான் சிக்னல் சரியில்லை என்றேன். அவர் விடவில்லை. “அடுத்த வருஷமும் நீங்கதான் வரணும் சார். தலைப்பை இப்பவே சொல்லிட்டா நோட்டீஸ்ல போட்டுடலாம்.”

நிலா என்று சொல்லிவைத்திருக்கிறேன்.