ஓக் ட்ரீ சாலை மாடியில் ஒரு டிஜிட்டல் ஏஜென்சிக்காரர்

நியூ ஜெர்சி மாநிலத்தின் மிடில்செக்ஸ் கவுண்டியில், உட்பிரிட்ஜ் நகராட்சிக்கு உட்பட்ட ஐசலினில் தொழில் நடத்தும் மனித வகைகளுள் சேலைக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், வரிக்கணக்கர், குடிவரவு வழக்கறிஞர் ஆகியோரைப் பற்றி ஊரில் வேண்டிய அளவு பேசப்பட்டிருக்க, இந்நால்வரையும் இணையத்தில் தெரியவைப்பதாக வாக்களித்து அவர்கள் தரும் மாதப்பணத்தில் காலம் தள்ளும் டிஜிட்டல் ஏஜென்சிக்காரர் மட்டும் உரிய கவனம் பெறாமலே இருந்துவருகிறார். டிஜிட்டல் ஏஜென்சி என்பது பிறருடைய கடைக்கு வெப்சைட் கட்டி, லோகோ வரைந்து, கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் ஓட்டி, அதற்கு ரிட்டெய்னர் எனப்படும் மாதக் கட்டணம் வாங்கும் நிறுவனமாகும். மன்ஹாட்டனின் பெரிய ஏஜென்சிகளில் நூறு பேர் பங்கிட்டுக்கொள்ளும் பதவிப்பெயர்களை இங்கே நான்கைந்து பேரே பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று பதவிகள் வாய்க்கின்றன. கிரியேட்டிவ் டைரக்டரே பிரிண்டருக்கு டோனர் வாங்கிவருவதும், அக்கவுண்ட் மேனேஜர் என்ற பெயர் தாங்கியவருக்கு மேனேஜ் செய்ய ஆளே இல்லாதிருப்பதும் சிறிய ஏஜென்சியின் இலக்கணமாகக் கொள்ளத்தக்கவை. இந்த அக்கவுண்ட் மேனேஜர், அதாவது கிளையண்டிடம் பேசுவதற்கும் கிளையண்டிடம் பேச்சு வாங்குவதற்கும் நியமிக்கப்பட்டவர், இச்சித்திரத்தின் நாயகர்.

இவ்வகையினரின் வாழிடத்தை வரையறுப்பது சற்றுச் சிக்கலானது. 1971இல் திறக்கப்பட்ட மெட்ரோபார்க் ரயில் நிலையமும் அதைச் சுற்றி எழுந்த கண்ணாடிக் கட்டடங்களும் ஐசலினுக்கு ஒரு கார்ப்பரேட் களையைக் கொடுத்துள்ளதால், ஏஜென்சியின் விசிட்டிங் கார்டில் மெட்ரோபார்க் என்ற பெயர் எப்படியாவது இடம்பெற்றுவிடும்; அலுவலகமோ அங்கிருந்து விலகி, ஐசலினையும் அண்டையூரான எடிசனையும் இணைக்கும் ஓக் ட்ரீ சாலையில், இந்தியக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் பகுதியில், புருவம் திருத்தும் பார்லருக்கும் வரிக்கணக்கருக்கும் நடுவே, கீழே பொரியும் ஜிலேபியின் மணம் மாடிப்படி வழியே தடையின்றி ஏறிவரும் ஓர் அறையில் இருக்கும். ஏஜென்சியின் வெப்சைட்டில் நியூயார்க், நியூ ஜெர்சி, கோயம்புத்தூர் என்று மூன்று கிளைகள் குறிக்கப்பட்டிருந்தால், நியூ ஜெர்சி என்பது மேற்படி மாடியறை, நியூயார்க் என்பது குவீன்ஸில் முதலாளியின் மைத்துனர் குடியிருக்கும் வீடு, கோயம்புத்தூர் என்பது பீளமேட்டில் ஒரு டிசைனரும் அவருடைய லேப்டாப்பும் என்று பொருள்கொள்ள வேண்டும்.

இவற்றுள் வேலை நடக்கும் இடம் கோயம்புத்தூர். இந்திய நேரம் நியூ ஜெர்சி நேரத்தைவிடக் கோடையில் ஒன்பதரை மணியும் குளிர்காலத்தில் பத்தரை மணியும் முந்தியிருப்பதால், கோடையில் இரவு 9 மணிக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே காதில் இயர்பட் செருகிக்கொள்ளும் நம் நாயகர், அங்கே காலை 6.30க்குப் பல் துலக்கிக்கொண்டிருக்கும் டிசைனரிடம் அன்றைய திருத்தங்களை ஒப்பிக்கிறார். அவரும் "சரிங்ணா, பண்ணிரலாங்ணா" என்று எல்லாவற்றுக்கும் இசைந்துவிட்டு, அவற்றில் எதைப் புரிந்துகொண்டார் என்பதை மறுநாள் ஐசலின் விழிக்கும்போதுதான் தெரிவிக்கிறார். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும்போது கோயம்புத்தூர் தள்ளுவதில்லை என்ற செய்தி ஆண்டுதோறும் இரு தரப்புக்கும் புதிதாகவே இருக்கிறது.

மாடியறையில் அமர்ந்திருக்கும் இன்னொருவர் கன்டென்ட் ரைட்டர், அதாவது வெப்சைட்டுக்கு வேண்டிய எழுத்துகளை எழுதுபவர். எச்-1பி விசாவில் வேலைக்கு வந்தவரின் துணைக்குரிய எச்-4 விசாவில் வந்து, அத்தகையோருள் ஒரு பகுதியினருக்கு 2015 மே மாதம் முதல் கிடைக்கத் தொடங்கிய வேலை அனுமதியின் பயனாக அலுவலகம் புகுந்தவர் அவர். சோழிங்கநல்லூரில் வங்கி மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தவர், இங்கே பல் மருத்துவர் ஒருவருக்காக ஈறு வீக்கம் பற்றி மாதம் நான்கு கட்டுரைகள் எழுதினார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின் கட்டுரைகள் எட்டாயின, சம்பளம் மட்டும் எழுந்து நடமாடவில்லை. அலுவலகத்தில் எல்லோரையும்விட அதிகம் படித்தவர் என்பதால் அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

முதலில் சொல்லிவிடுவது, பிறகு செய்யப் பார்ப்பது என்பதே இத்தொழிலின் அடிப்படை முறை; இதற்கு அப்பகுதியிலேயே பெருமதிப்புக்குரிய முன்னோடி ஒருவர் உண்டு. ஐசலினை ஒட்டிய மென்லோ பார்க்கில் 1876இல் ஆய்வுக்கூடம் அமைத்த தாமஸ் ஆல்வா எடிசன், மின்விளக்குச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாக 1878 செப்டம்பரில் நியூயார்க் பத்திரிகைக்குச் சொன்னபோது நின்று எரியும் விளக்கு எதுவும் அவரிடம் இல்லை. ஆயினும் அறிவிப்பைக் கேட்டு எரிவாயு நிறுவனங்களின் பங்கு விலை சரிந்தது, முதலீட்டாளர்கள் பையை அவிழ்த்தார்கள், விளக்கு 1879 அக்டோபரில்தான் மணிக்கணக்கில் எரிந்தது. அவ்வாண்டின் கடைசி இரவில் அதைப் பொதுமக்களுக்குக் காட்டியபோது கூட்டத்தை ஏற்றிவரப் பென்சில்வேனியா ரயில்வே சிறப்பு ரயில்கள் விட்டது. "மொபைல் ஆப் செய்வீங்களா?" என்று கேட்கும் கிளையண்டிடம் கண் இமைக்காமல் ஆமென்று சொல்லிவிட்டு, அவர் மாடிப்படி இறங்கியதும் ஆப் செய்யத் தெரிந்தவரைத் தேடத் தொடங்கும் ஏஜென்சி முதலாளி இந்த மரபின் வாரிசே, எடிசன் பதின்மூன்று மாதங்களில் செய்து முடித்துவிட்டார் என்பது மட்டுமே வேறுபாடு.

நாயகரின் துன்பங்களுக்கெல்லாம் மூலம் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத சரக்கை, தொட்டும் நிறுத்தும் முழம்போட்டும் விற்கும் வியாபாரிகளிடம் அவர் விற்கவேண்டியிருக்கிறது. விளம்பரம் ஒருவருடைய திரையில் தோன்றினால் அது ஒரு இம்ப்ரெஷன், அதை அவர் தட்டினால் ஒரு கிளிக், தட்டியவர் பெயரும் போன் நம்பரும் கொடுத்தால் ஒரு லீட் என்று இத்துறை எண்ணுகிறது. தங்கத்தை மில்லிகிராம் வரை நிறுக்கும் நகைக்கடைக்காரரிடம் இவற்றுள் முதலாவதைப் பேசுவதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும். சென்ற மாதம் உங்கள் விளம்பரம் நாற்பதாயிரம் முறை காட்டப்பட்டது என்று நாயகர் வண்ண வரைபடத்தோடு விளக்கும்போது, குஜராத்தி சேலைக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கஸ்டமர் கித்னா ஆயா, பேட்டா?" (எத்தனை கஸ்டமர் வந்தார்கள், மகனே?) என்று ஒரே கேள்வியில் வரைபடத்தை மடித்துவைக்கிறார். பக்கத்துத் தோசை ஓட்டல் முதலாளி இன்னும் நேராக வருகிறார்: "நாப்பதாயிரம் பேர் பாத்தாங்கங்கிறீங்க தம்பி, அப்புறம் சாம்பார் ஏன் மிஞ்சுது?" இதற்கு விடை எந்த டேஷ்போர்டிலும் இல்லை, கேள்வியில் பிழை ஏதும் இல்லை என்பதையும் நடுநிலையாளர் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

கூகுளில் தேடினால் கடை மேலே வரும்படி வெப்சைட்டைச் செப்பனிடும் கலைக்குத் தேடுபொறி உகப்பாக்கம் என்று பெயர், வழக்கில் எஸ்.இ.ஓ. இதன் பயன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும், முதலிடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் இயலாது என்றும் கூகுளே எழுதிவைத்திருக்க, இரண்டு வாரத்தில் முதலிடம் என்று முதலாளி வாய்மொழியாகக் கொடுத்துவிட்ட வாக்கைச் சுமப்பவர் நாயகர். இதற்கிடையே ஓட்டல்காரர் நாள் முழுதும் தம் போனில் தம் ஓட்டலையே தேடிப் பார்த்து, விளம்பரம் வந்தால் அது வேலை செய்கிறதா என்று சோதிக்க அதையே தட்டுகிறார். தட்டலுக்கு இவ்வளவு என்று காசு பிடிக்கும் முறை அது என்பதை விளக்கிய பிறகு அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, வேலையை மனைவியிடம் ஒப்படைக்கிறார்.

கிளையண்டின் மொழியில் "ஒரு சின்ன சேஞ்ச்" என்பது தனி ஆய்வுக்குரியது. லோகோவைப் பெரிதாக்குதல், பெரிதாக்கிய லோகோவின் பக்கத்தில் முருகனை வைத்தல், முருகனுக்கு இடம்தர மெனுவைச் சிறிதாக்குதல், மெனு படிக்க முடியவில்லை என்று வருந்துதல், எண்கணிதப்படி கடைப்பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியதால் அச்சான அனைத்தையும் மாற்றுதல், கடைசியில் முதல் டிசைனே நன்றாக இருந்தது என்று கண்டடைதல் ஆகிய யாவும் அச்சொல்லில் அடங்கும். நாயகர் கூடுதல் கட்டணம் என்ற சொல்லை உச்சரிக்க முயலும் வேளையில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் அக்காள் மகன் பேச்சில் நுழைகிறான். அவன் இதையெல்லாம் ஒரே வாரக்கடைசியில் சும்மா செய்துதருவதாகச் சொன்னானாம். எந்த ஏஜென்சிக்காரரும் இந்தப் பையனை நேரில் கண்டதில்லை. ஆனால் ஓக் ட்ரீ சாலையின் ஒவ்வொரு குடும்பத்திலும் அவன் ஒருவன் இருக்கிறான், ரேட்டைக் குறைப்பதில் அவனை மிஞ்சிய போட்டியாளர் இல்லை.

போலி ரிவியூக்களை எழுதுவதையும் விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, நாயகர் அதை ஓட்டல்காரருக்கு நிறுத்தி நிதானமாக எடுத்துரைத்தார். முழுதும் கேட்ட அவர், "அப்ப அஞ்சு ஸ்டார் வேணாம் தம்பி, நாலரை போடுங்க" என்று சட்டத்துக்குப் பணிந்தார்.

வசூல் பற்றியும் சில சொல்லவேண்டும். முப்பது நாளில் செலுத்துக என்று இன்வாய்ஸில் அச்சிட்டிருப்பதைக் கிளையண்ட் ஒரு அலங்கார வரியாகவே கருதுவதால், நாயகர் அறுபதாம் நாள் நேரில் போய் நிற்கிறார். அமெரிக்கத் தமிழர்களின் விருந்துகளை எல்லாம் அளக்கும் அலகு அலுமினிய ட்ரே; அதில் ஹாஃப், ஃபுல் என்று இரு வகை உண்டு. பணத்துக்குப் பதில் ஒரு ஃபுல் ட்ரே பிரியாணி, இரண்டு ஹாஃப் ட்ரே சிக்கன் 65 என்று பேச்சு திரும்பும்போது, ஏஜென்சி முதலாளிக்கு அந்த வாரம் மகளின் பிறந்தநாள் வருவதாக இருந்தால், அக்கணக்கு அத்தோடு தீர்ந்துவிடுகிறது. நாயகரின் சம்பளத்தை இந்த அலகுக்கு மாற்றும் முயற்சி இதுவரை நடந்ததில்லை. நடக்காது என்று சொல்வதற்கும் இல்லை.

தீபாவளிக் காலம் இவர்களுடைய அறுவடைக்காலம், ஆகவே உறக்கமற்ற காலம். தமிழர்கள் நரக சதுர்த்தசியன்றும் வட இந்தியர்கள் லட்சுமி பூஜையன்றும் கொண்டாட, பல ஆண்டுகளில் இவை அடுத்தடுத்த நாள்களாக அமைந்துவிடுவதால், ஒரே பேனரை இரு தேதிகளில், இரு பெயர்களில், ஒன்றில் தாமரையோடும் மற்றொன்றில் குத்துவிளக்கோடும் வெளியிட வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பேனருக்கு இன்னொரு கண்டமும் உண்டு: போட்டோஷாப்பின் பழைய பதிப்பில் தெற்காசிய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டால், எழுத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுவிடும். பொங்கலுக்கு அப்படி அச்சான ஃபிளையரை முதலில் கண்டுபிடிப்பவர் எப்போதும் தமிழ்ச் சங்கத்தின் முன்னாள் செயலாளராகவே இருக்கிறார். அவருடைய வாட்ஸாப் கண்டனம் ஃபிளையரைவிட அதிகம் பேரைச் சென்றடைகிறது.

மாத முடிவில் நாயகர் அளிக்கும் அறிக்கையில் எல்லா அம்புக்குறிகளும் பச்சையாகவே மேல்நோக்குகின்றன, ஏனெனில் கீழ்நோக்கிய அம்பு உள்ள பக்கம் அறிக்கையில் சேர்வதில்லை. சந்தேகம் தீராத ஓட்டல்காரர், சாப்பிட வந்தவர்களையே ஒவ்வொரு மேசையாகச் சென்று எதைப் பார்த்து வந்தீர்கள் என்று விசாரித்தால், வாசலில் பார்க்கிங் கிடைத்தது, வந்தோம் என்கிறார்கள். வாரக்கடைசியில் ஓக் ட்ரீ சாலையில் கார் நிறுத்த அலைந்தவர்கள் அதை முழுமையான காரணமாகவே ஏற்பார்கள். இவ்வளவு தெரிந்தும் அவர் அடுத்த மாதச் செக்கில் கையெழுத்திடுகிறார், எதிர்வரிசைத் தோசைக்கடையும் ஓர் ஏஜென்சி வைத்திருப்பதாக அவருக்குத் தகவல். அந்த ஏஜென்சியும் இதே மாடியறைதான். தேடும் சொற்களைக் கூகுள் ஏலத்தில் விடுவதால், தோசை என்ற ஒரே சொல்லுக்கு இரு கடைகளின் சார்பிலும் நாயகரே எதிரெதிராகக் கேட்டு விலையை ஏற்றுகிறார், ஏறிய விலை கூகுளுக்குப் போய்ச் சேர்கிறது.