கஞ்சிப் பானை ஒன்றின் பதிவு விண்ணப்பம்

அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசியச் செயலகம்,
கொழும்பு.

மதிப்புக்குரிய பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

விண்ணப்பதாரர் ஓர் அலுமினியப் பானை. வதிவிடம், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர். தொழில், அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்த்து வேகவைப்பது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் அது தன்னைப் பதிந்துகொள்ள விரும்புகிறது.

காரணம் உண்டு. 2024 மே மாதம் சம்பூரில், போரில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறியதற்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைதாகிப் பின்னர் பிணையில் வந்தார்கள். பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை ஒட்டிப் பிறந்த அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டுவோருக்கு உரியது. வெறுப்பு கஞ்சியில் எந்தப் பதத்தில் சேர்கிறது, கொதிக்கும்போதா ஆறும்போதா என்று பானைக்குத் தெரியவில்லை. 2019இல் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை ஒரு சிறுகதைக்காக உள்ளே வைத்ததும் இதே சட்டம்தான் என்று கேள்விப்பட்டு, அதன் இனபேதமின்மையை மெச்சிக்கொண்டது.

நிபந்தனைகள் அனைத்துக்கும் பானை சம்மதம். செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்தபோது, 2014 ஜூலையில், ஊடகச் சந்திப்பும் பயிற்சிப் பட்டறையும் பத்திரிகை அறிக்கையும் கூடாதென்று எழுதிய கடிதத்தைப் பானை மதிக்கிறது. மூடி தடதடப்பது அறிக்கையல்ல.

நிதி: வீட்டுக்கொரு சுண்டு அரிசி.

பதிவு பாதுகாப்புத் தருமா என்பதில் மட்டும் ஒரு தயக்கம். பக்கத்து மூதூரில், 2006 ஆகஸ்ட் 4 அன்று, பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ஏ.சி.எஃப்.இன் பணியாளர்கள் 17 பேர், நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையோடு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை எவருக்கும் தண்டனையில்லை. துவக்கைத் தேடுவதைவிட அகப்பையைத் தேடுவது சுலபம்தான்.

தயக்கம் இருந்தாலும் சங்கம் தேவை. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். காணிப் பிரச்சினையோ சிலைப் பிரச்சினையோ கிளம்பினால், ஆட்களைக் கூட்டிப் பேசவைக்கச் சிறு சங்கங்கள்தான் வேண்டியிருக்கின்றன. அவற்றின் கூட்டத்துக்குப் புலனாய்வுப் பிரிவினர் வந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு போனபின், அடுத்த கூட்டத்துக்கு வதந்தி மட்டும்தான் வரும்.

பதிவு தற்காலிகமாகவே போதும். 1979இல் மூன்று வருடத்துக்கென்று வந்து இன்னும் போகாத பயங்கரவாதத் தடைச் சட்டம் எவ்வளவு தற்காலிகமோ, அவ்வளவு.

கையொப்பத்துக்குப் பதில் அடிப்பக்கத்துக் கரி.

இணைப்பு: அகப்பை 1. சிரட்டைகளின் எண்ணிக்கை, நினைவு நாளான மே 18 அன்று எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.