சீசனுக்கு ஒரு போர்டு

திருவண்ணாமலைக்கு இப்போது யார் அதிகம் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அரசாங்கத்தின் சுற்றுலாப் புள்ளிவிவரம் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்துப் பக்கம் போய், கடை போர்டுகளை அண்ணாந்து பார்த்தால் போதும். அரசுக் கணக்கில் ஒருவரே மூன்று ஊருக்குப் போனால் மூன்று வருகை. அந்த அறிக்கை அச்சாகி வருவதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் வேறு சாமிக்கு மாறியிருப்பார்கள். போர்டு அப்படி ஏமாற்றாது. சொந்தக் காசைப் போட்டு மாட்டுகிறவர் யாரும் பொய்க் கணக்கை மாட்டமாட்டார். சுற்றுலா ஊர் எதுவானாலும் இந்த மனிதர் உண்டு. மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவில் இருப்பார், புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டி இருப்பார். ஆனால் திருவண்ணாமலையில்தான் அவர் குறுகிய காலத்தில் இத்தனை அவதாரம் எடுத்திருக்கிறார். கூப்பிட ஒரு பெயர் வேண்டும் என்பதற்காகப் போர்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

போர்டுக்காரரின் முதல் அவதாரம் வெள்ளைக்காரர்களுக்கானது. வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் 1896இல் இந்த ஊருக்கு வந்து ரமண மகரிஷி ஆனதும், பால் பிரண்டன் 1934இல் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதியதும், அதைப் படித்துவிட்டு ஐரோப்பா திரும்பிப் பார்த்ததும் போர்டுக்காரருக்கு நேரடியாகத் தெரியாது. டிசம்பரில் வந்தால் பிப்ரவரி முடிந்து வெயில் ஏறும்வரை போகமாட்டார்கள் என்பது தெரியும். அது போதுமே. இஞ்சி, எலுமிச்சை, தேன் கலந்த டீ, பழுப்பு ரொட்டி, ஹம்மஸ், லேமினேட் செய்த ஆறு பக்க மெனு கார்டு, வாசலில் ஓம் எழுதிய துணி, வைஃபை இலவசம் என்று ஒரு ஸ்டிக்கர். ஒரு டீயை வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து ‘நான் யார்?’ என்று விசாரம் செய்பவரை எழுப்பக் கூடாது என்ற நாகரிகத்தையும் இவர் கற்றுக்கொண்டார். அவர்கள் நான் யார் என்று தேடும்போது, நாலாவது டேபிள் பில் யாருடையது என்று இவர் தேடிக்கொண்டிருப்பார். சாம்பாரில் மிளகாயைக் குறைக்கப் பழகியதுதான் அவர் செய்த பெரிய தவம். ‘நோ ஸ்பைஸி, மேடம்’ என்று சொல்லிவிட்டு அதை உண்மையாகவே நோ ஸ்பைஸியாகச் செய்ய ஒரு வடாற்காட்டுக்காரருக்குப் பல வருடம் பிடிக்கும்.

அந்தத் தவத்தை 2020 மார்ச் கலைத்தது. சுற்றுலா விசாக்கள் நிறுத்தப்பட்டன. தனியாக வரும் பயணிகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பரில். இடையில் ஒரு சீசன் முழுசாகப் போயிற்று, அடுத்ததும் அரைகுறைதான். தமிழ்நாட்டுக்கு 2019இல் சுமார் 68 லட்சம் வெளிநாட்டவர் வந்ததாக எழுதிய அரசுக் கணக்கு, 2022இல் சுமார் 4 லட்சம் என்று எழுதியது. அதே 2022இல் உள்நாட்டவர் வருகை 21 கோடிக்கு மேல். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் போர்டுக்காரர் பிரெட் சுடும் அடுப்பைப் பாதி விலைக்கு விற்றார். ஊரடங்கு நாட்களில் இன்னொரு காரியமும் நடந்தது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள் யூடியூபில் பிரவசனம் கேட்டார்கள். சாகண்டி கோடேஸ்வர ராவ் போன்றவர்கள் அருணாசலத்தின் மகிமையை மணிக்கணக்கில் சொன்னார்கள். ரயில், பஸ் ஓடத் தொடங்கியதும் கேட்டவர்கள் கிளம்பிவிட்டார்கள். திருப்பதி, காணிப்பாக்கம், ஸ்ரீபுரம் பொற்கோவில், திருவண்ணாமலை என்று நூலில் கோத்த மாதிரி ஒரே பாதை; டெம்போ டிராவலரில் ஏறினால் இரண்டு நாளில் நான்கு தரிசனம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்றிருந்த கூட்டம், சனி ஞாயிறு என்றாகி, இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலும் இருக்கிறது.

போர்டுக்காரர் அசரவில்லை. மிளகாயைக் குறைக்கப் பல வருடம் பிடித்தவருக்கு அதைக் கூட்ட ஒரு வாரம் போதுமாயிருந்தது. ஹம்மஸ் இருந்த இடத்தில் அல்லம் சட்னி. பான்கேக் இருந்த இடத்தில் பெசரட்டு. ஆறு பக்க மெனு கார்டு ஒரே வாக்கியமாகச் சுருங்கி சப்ளையரின் வாய்க்குப் போய்விட்டது. ‘ரண்டி ரண்டி, பப்பு உந்தி, நெய் உந்தி, கந்திபொடி உந்தி’ என்று வாசலில் நின்று அவரே அழைக்கிறார். ஆட்டோ நிறுத்தத்தில் கிரிவலப் பாதையின் எட்டு லிங்கமும் ‘எனிமிதி லிங்காலு’ ஆகிவிட்டது. மொழியைவிடப் பெரிய மாற்றம் நேரத்தில். ஜெர்மன்காரருக்கு மூன்று மாதம் இருந்தது. குண்டூர்க் குடும்பத்துக்கு ஒரு ராத்திரிதான். சாயங்காலம் இறங்கி, குளித்து, 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி, குபேர லிங்கத்தில் மட்டும் மற்ற லிங்கங்களுக்கு இல்லாத அக்கறையோடு நின்று, விடியற்காலை வரிசையில் புகுந்து, தரிசனம் முடித்து வண்டி ஏற வேண்டும். இவர்களுக்குத் தோட்டத்தோடு கூடிய வீடோ தியான ஹாலோ வேண்டாம். வெந்நீர் வேண்டும், பெட்டி வைக்க இடம் வேண்டும், நாலு மணிக்கு இட்லி வேண்டும், செல்போன் சார்ஜ் ஏற வேண்டும். மொட்டை மாடியில் யோகா கற்றுக்கொடுத்த இடத்தில் வரிசையாக பாத்ரூம் கட்டியவர்தான் இன்று ஊரில் தொலைநோக்குள்ளவர்.

இதைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு ஊரில் தெலுங்கு போர்டா என்பது முதல் கோபம். தமிழ் மேலேயும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று கடைகளுக்கான விதியே இருக்கிறது. அதை மீறினால் அபராதம் போடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. ஆனால் தமிழ் எழுத்தோடு கூடத் தெலுங்கும் இருந்தால் ஊர் கெட்டுப்போகும் என்ற கவலை கொஞ்சம் தாமதமானது. இந்த ஊர்ப் பெரிய கோவிலின் கிழக்கு வாசலில் 217 அடிக்கு எழுந்து நிற்கிறதே ராஜகோபுரம், அதைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். நம் ஆண்டாளைப் பற்றித் தெலுங்கில் காவியம் எழுதிய அதே ராயர். ஐந்நூறு வருடமாக அந்தக் கோபுரத்தின் கீழ் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மெஸ்ஸின் ஃப்ளெக்ஸ் பேனரால் அதற்கு ஆபத்து வரும் என்று நினைப்பது தமிழுக்குத்தான் அவமரியாதை. தவிர, இதே தெருவில் போர்டு முழுக்க ஆங்கிலமாக இருந்த காலத்தில் இந்தக் கோபம் எங்கே போயிருந்தது என்றும் கேட்கலாம். டாலர் பேசும்போது இலக்கணம் பார்க்கக் கூடாது போலிருக்கிறது.

இரண்டாவது கோபம் இன்னும் பரவலானது: இவர் சந்தர்ப்பவாதி, யார் வந்தாலும் சம்பாதிக்கிறார் என்பது. இங்கேதான் எனக்கு வழக்கு இருக்கிறது. போர்டுக்காரர் நிறைய விற்கிறார், உண்மை. சம்பாதிக்கிறாரா என்பது வேறு கேள்வி. அவர் கடையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அடுப்பு, காப்பி மெஷின், மூங்கில் நாற்காலி என்று முதல் அவதாரத்துக்குப் போட்ட முதல், காயலான் கடை விலைக்குப் போயிற்று. இரண்டாவது அவதாரத்துக்கு வெட் கிரைண்டர், ஸ்டீல் டேபிள், நெல்லூரிலிருந்து மாஸ்டர், மாஸ்டர் தங்க அறை, அவர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகாமலிருக்க அட்வான்ஸ். வாடிக்கையாளர் மாறும்போதெல்லாம் செலவு இவருடையது. கூட்டம் கூடுகிறது என்று தெரிந்ததும் வாடகை ஏறுகிறது. அக்ரிமென்ட் பதினொரு மாதம்தான். எனவே அது ஏறுவதற்கு வருடம் முழுசாகக்கூட ஆக வேண்டாம். ஒரு இடத்துக்குக் கிராக்கி ஏறும்போது அதன் பலன் உழுகிறவனைத் தாண்டி நிலத்துக்காரன் கைக்கே போகும் என்று டேவிட் ரிக்கார்டோ 1817இல் எழுதினார். அவர் தானியத்தை வைத்துச் சொன்னது தோசைக்கும் பொருந்துகிறது. திருவண்ணாமலையில் வெள்ளைக்காரர் போய்த் தெலுங்கர் வந்ததில், ஒரு வார்த்தை புதிதாகக் கற்காமல், ஒரு கரண்டியைக்கூட மாற்றாமல் மேலே வந்தவர் ஒருவர் உண்டு. பில்டிங் ஓனர். அவர் மாற்றியது ஒரே ஒரு எண்ணை.

ஓனர் தரப்பிலும் நியாயம் கேட்க வேண்டும். கொரோனா காலத்தில் அவர் கட்டடமும் பூட்டிக் கிடந்தது, வீட்டுக் கடன் தவணை அவருக்கும் உண்டு, வாடகை தராமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிய வெளிநாட்டுச் சாமியார்களையும் அவர்தான் பார்த்திருக்கிறார் என்பார்கள். சரிதான். ஆனால் கட்டடத்துக்கு மொழி கிடையாது. ரஷ்யருக்கு விட்ட ஹாலை மறுநாளே ராஜமுந்திரிக்காரருக்கு விடலாம்; நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் இரண்டு ராஜமுந்திரிக்காரர்களுக்கு விடலாம். பிரெட் அடுப்பில் பெசரட்டு வார்க்க முடியாது. இழப்பு இருவருக்கும் வந்தது. ஓனருக்கு வந்தது சில மாத வாடகை. போர்டுக்காரருக்கு வந்தது கற்ற வித்தையும் போட்ட முதலும். காலி செய்தபோது திரும்பக் கேட்ட அட்வான்ஸில், பெயின்ட் அடித்தது, மீட்டர் பாக்கி என்று கழித்த பிறகு மிஞ்சியதுதான் கைக்கு வந்தது.

இதற்கு எதிர்ச் சாட்சியும் ஊரிலேயே இருக்கிறது. தேரடி வீதிப் பக்கம் தலைமுறையாகச் சொந்த இடத்தில் பூஜைச் சாமான் விற்கிறவரைப் பாருங்கள். எந்த அலைக்கும் அவர் போர்டை மாற்றவில்லை. தாத்தா பெயர், பக்கத்தில் பிள்ளையார் படம், கீழே ‘கடன் அன்பை முறிக்கும்’. அவருக்கும் இரண்டு வார்த்தை தெலுங்கு வரும். வந்தவருக்குச் சொல்வார், வராவிட்டால் விசிறிக்கொள்வார். அவருக்கு அவசரமில்லை, ஏனென்றால் அவருக்கு ஒன்றாம் தேதி இல்லை. இன்னொரு கோடியில் இளநீர்க்காரர். வாடகையும் கிடையாது, போர்டும் கிடையாது. காய் எல்லா மொழியிலும் காய்தான். சைக்கிளை எந்த லிங்கத்துப் பக்கம் நிழல் இருக்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்வார். ஆக, வந்தவருக்கு ஏற்ற மாதிரி விழுந்து விழுந்து மாறுகிறவர் யார் என்று பார்த்தால், நடுவில் மாட்டிக்கொண்ட வாடகைக் கடைக்காரர் மட்டும்தான். மாற்றம் அவர் குணம் என்று நாம் சொல்கிறோம். அது அவருடைய வாடகை ரசீது.

உள்ளூர்க்காரர்களின் குறை ஒன்று பாக்கி இருக்கிறது, அது நியாயமான குறை. சாயங்காலம் காப்பி சாப்பிடப் போனால் ‘காப்பி இல்ல சார், மீல்ஸ்தான்’ என்கிறார். மாத வாடகைக்கு வீடு தேடும் ஆசிரியர்களுக்கு, தினசரி வாடகை ருசி கண்ட வீடுகள் கிடைப்பதில்லை. 2024இல் ஊர் மாநகராட்சி ஆனது; வரி மாநகரத்துக்கு ஏறிவிட்டது, தூக்கம் பௌர்ணமி தோறும் போய்விட்டது. இதற்கெல்லாம் போர்டுக்காரரைத் திட்டுவது சுலபம், ஏனென்றால் அவர் கடை வாசலில் நிற்கிறார். ஓனர் சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். வாடகைக்குக் கொஞ்சம் காலவரையறையும் நிதானமும் கிடைத்தால், உள்ளூர்க்காரருக்கு ஒரு டம்ளர் காப்பி போடும் நிதானம் இவருக்கும் வந்துவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கூட்டமில்லாத நேரத்தில் அவர் தனக்குப் போட்டுக்கொள்ளும் காப்பி நன்றாகத்தான் இருக்கிறதாம்.

இப்போது அவருக்கு அடுத்த கவலை வந்திருக்கிறது. 2024 மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிய ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அப்போது டிக்கெட் 50 ரூபாயாக இருந்தது. அதில் முதுகுப் பையோடு இறங்குகிற சென்னை இளைஞர்களுக்குப் பப்பும் வேண்டாம், பொங்கலும் வேண்டாம். கோல்டு காப்பி இருக்கிறதா, பீட்சா அடுப்பில் சுட்டதா என்று கேட்கிறார்கள். விற்ற அடுப்பை வாங்கியவரின் நம்பரை போர்டுக்காரர் தேடிக்கொண்டிருக்கிறார். இந்த முறை ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, ஓடுகிற எழுத்து எல்.இ.டி. போர்டாகவே வாங்கிவிட்டார்: தமிழ், தெலுங்கு, ஆங்கிலம், கன்னடம், இந்தி என்று வரிசையாக ஓடும், நாளைக்கு யார் வந்தாலும் ரிமோட்டை அமுக்கினால் போதும். ஓனருக்கும் அந்த யோசனை பிடித்திருக்கிறது. கடை முகப்பு பளிச்சென்று ஆகிவிட்டதால் அடுத்த அக்ரிமென்ட்டில் வாடகையைத் திருத்திக்கொள்ளலாம் என்றும், போர்டுக்கு ஆகிற கரண்ட் பில் குடியிருப்பவர் பொறுப்பு என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.