முள் ஓடுது, மச்சினன் ஓடலை

முன்பெல்லாம் செங்கோட்டையில் நாலு பேர் சேர்ந்தால், அருவியில் தண்ணி எப்படி விழுது என்றுதான் பேச்சு. இப்போது, "உங்க வீட்டு நெட்ல எவ்வளவு எம்பிபிஎஸ் வருது?" என்கிறார்கள். 100-க்குப் பணம் கட்டியவருக்கு 98 வந்தால் பூரிப்பு; 94 வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு வயிற்றெரிச்சல்.

எங்கள் வீட்டிலும் 98-தான். ஆனால் ராத்திரி ஒன்பது மணி வீடியோ காலில், சிங்கப்பூர் மச்சினன் வாய் பாதி திறந்தபடி உறைந்து நிற்பான். "கேக்குதாலே? கேக்குதா?" என்று அவன் அக்கா கத்துவது தெருமுனை வரை கேட்கும், அவனுக்கு மட்டும் கேட்காது.

நெட் போட்டுக்கொடுத்த தம்பியைக் கூப்பிட்டேன். "சாரல்லா அடிக்கி, அண்ணாச்சி" என்றார். சீசனில் துணி காயாததற்கும் கரண்ட் போனதற்கும் பழி சுமக்கிற அதே சாரல். கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாகப் போகிற சங்கதி எப்படிப்பா நனையும் என்றதும், ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினார். 98. "பாத்தீங்களா, பறக்குது!"

பறப்பது வாஸ்தவம். எதுவரை என்பதுதான் கேள்வி. 2006-ல் வந்த ஸ்பீடுடெஸ்ட், சட்டென்று பதில் சொல்லும் பக்கத்து சர்வரைத் தானே பிடித்துக்கொள்ளும். பல நேரம் அது நெட் தருகிறவரின் சொந்த வளாகத்திலேயே இருக்கும். பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசிக்கு நேரத்துக்குப் போனதை வைத்து, எழும்பூருக்கு ஆட்டோ சொல்லி வைக்கிற கதைதான். நெட்பிளிக்ஸ் 2016-ல் விட்ட ஃபாஸ்ட் டாட் காம், படம் வந்து இறங்கும் தன் சர்வர்களிலிருந்தே அளக்கிறது. அதுவும் படத்துக்குத்தான் சாட்சி, மச்சினனுக்கு அல்ல.

போதாக்குறைக்கு, ஸ்பீடு டெஸ்ட் முள் காட்டுவது மெகாபிட். எட்டால் வகுத்தால், 98 என்பது நொடிக்கு 12 மெகாபைட் சொச்சம்.

அதற்காக டெஸ்டே வீண் என்பதில்லை. ரவுட்டரில் வயரைச் செருகி, காலையிலும் ராத்திரி நெரிசலிலும் போட்டு, பிங்கையும் அப்லோடையும் சேர்த்துப் பார்த்தால் சண்டைக்கு நல்ல ஆதாரம். சர்வரையும் நாமே மாற்றலாம். சிங்கப்பூருக்கு மாற்றினேன். முள் மூச்சு வாங்கி, 6-ல் உட்கார்ந்துவிட்டது.

தம்பி உற்றுப் பார்த்தார். "அங்கயும் சாரல் போல, அண்ணாச்சி."

இது பிராட்பேண்டே இல்லை என்றும் அவரிடம் சண்டை போட முடியாது. 2023 வரை நொடிக்கு 512 கிலோபிட் தந்தாலே பிராட்பேண்ட். இப்போது 2 மெகாபிட். ஆக, மச்சினன் உறைந்து நிற்பது அரசு அங்கீகாரம் பெற்ற பிராட்பேண்டில்தான்.