தங்கம் அள்ளப் போற மாப்ளைக்கு மாமன் சொல்றது

வா மாப்ள, குந்து. நீலகிரி மலையில தேவாலா ஆத்துல தங்கம் அள்ளப் போறியாமே? உங்கம்மா காலையிலயே வந்து கண்ணைக் கசக்கினு நின்னா. "அழுவாத தங்கச்சி, புள்ள சம்பாதிக்கத்தான போறான்"னு நான்தான் தேத்தி அனுப்பினேன். விம்கோ நகர் பையன் குளுருக்குப் பயப்படலாமா? சுவீடன்காரன் தீப்பெட்டிக் கம்பெனி போட்டு, அந்தப் பேரையே ஊருக்கு வெச்சுட்டுப் போன எடம்பா இது.

ஒரே ஒரு சந்தேகம்தான். நீ நீச்சல் பழகினது எண்ணூர் முகத்துவாரத்துல. அங்க அனல்மின் நிலையத்துல மிஷினைக் குளுர வெச்ச தண்ணி சுடச்சுட ஆத்துக்கு வருது. மீனு ஓடிப் போச்சு, வலைக்காரன் வயிறு எரியுறான், நீ மட்டும் வெந்நீர்ல குளிச்ச மவராசன். தேவாலா அப்படியில்ல. தமிழ்நாட்டுல ரொம்ப மழை பேயுற எடத்துல அதுவும் ஒண்ணு. ஆடி மாசம் போனா, ஆத்துல எறங்கறதுக்கு முன்னாடியே நனைஞ்சுடுவ. செலவு மிச்சம்.

செல்போன்ல காட்டினியே, வெள்ளைக்காரன் ஆத்துக்கு அடியில படுத்துக்கினு குழாயால ஜல்லியை உறிஞ்சறான்னு. நீ குழாயைப் பாத்த. நான் அவன் சட்டையைப் பாத்தேன். கருப்பு ரப்பர் சட்டை. அதுக்குள்ள தண்ணி போவாதுன்னு நெனைக்காத, போவும். ஒடம்புக்கும் சட்டைக்கும் நடுவுல கொஞ்சூண்டு தண்ணி நின்னு, ஒடம்புச் சூட்டுலயே காஞ்சு கதகதப்பா இருக்கும். அதனால சட்டை சிக்குனு இருக்கணும். உங்கண்ணன் சட்டையை வாங்கி லொடலொடன்னு மாட்டினா, ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் புதுசா குளுர்ந்த தண்ணி உள்ள பூந்து நலம் விசாரிக்கும். தலைக்கும் குல்லா வேணும்.

சில பேரு இன்னும் கில்லாடி. மோட்டார் புகை போற குழாய்ச் சூட்டுல தண்ணியைக் காய வெச்சு, டியூப் வழியா சட்டைக்குள்ள வுட்டுக்கறான். பச்சைத் தண்ணி கலந்து, பதம் பாத்துத்தான் வுடணும். உனக்கு அந்தப் பொறுமை ஏது? முட்டை மாதிரி அவிஞ்சு மேல வருவ. அது போவட்டும், அந்த உறிஞ்சற மோட்டாரை கலிபோர்னியாவுல 2009லயே நிறுத்தி வெச்சாங்க, மீன் முட்டை வுடற எடம் கெடுதுன்னு.

"ஒரு குவார்ட்டர் போட்டா சூடாயிடும் மாமா"ன்னு சொல்லுவ. தெரியும், உன் ஃபிரண்டுங்க எல்லாரும் டாக்டருங்க. சரக்கு உள்ள போனா ரத்தம் தோலுக்கு ஓடி வரும், மொகம் சுடும். உள்ள இருக்கற சூடு அந்த வழியா வெளிய போயிடும். காத்தைவிட தண்ணி இருபத்தஞ்சு மடங்கு வேகமா சூட்டை இழுக்கும். நீ அதுக்குக் கதவைத் தொறந்து வுடற. பீடி வலிச்சா விரல்ல ரத்தக் குழாய் சுருங்கிப் போவும், சல்லடையைக்கூட புடிக்க முடியாது. நடுக்கம் எடுத்தா கரையேறு. நடுங்கினு இருந்தவன் திடீர்னு நடுங்காம, ஒளறினு ஒக்காந்திருந்தா, தேறிட்டான்னு கை தட்டாதீங்க. அதுதான் கெட்ட நேரம். ஈரத்துணியை உருவிப் போட்டு, காஞ்ச கம்பளி சுத்தி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க.

தண்ணியில எறங்கற தொழிலை யார் கிட்ட கத்துக்கணும்னா, நம்ம கழிமுகத்துல இறால் புடிக்கற இருளப் பொம்பளைங்க கிட்ட. வலை கெடையாது, மோட்டார் கெடையாது. மார்கழிப் பனியில கழுத்தளவு தண்ணியில குந்திக்கினே நவுந்து, ரெண்டு கையாலயும் சேத்துல துழாவும். ஓலைப் பறியைப் பல்லுல கடிச்சுக்கினு இருக்கும், அகப்பட்ட இறால் நேரா அதுல. பல்லு தந்தியடிச்சா பறி வுழுந்துடும் பாரு. அதான் நடுங்கறதுக்கு முன்னாடியே எழுந்து கரைக்கு வந்துடும். தண்ணியில எவ்ளோ நேரம் கெடக்கலாம்னு அவங்களுக்குத் தெரியும். உனக்கு மொபைல்ல பேட்டரி எவ்ளோ இருக்குன்னு தெரியும்.

தேவாலா தங்கம் பொய்யில்ல மாப்ள. பணியரும் குறும்பரும் ரொம்ப காலமா மரத்தட்டுல மண்ணை அலசி எடுத்தவங்கதான். 1880 வாக்குல ஆஸ்திரேலியாவுலேருந்து பிரஃப் ஸ்மித்னு ஒரு நிபுணர் வந்து அறிக்கை குடுத்தாரு. ஒடனே லண்டன்ல கம்பெனி மேல கம்பெனி, பங்கு வித்து லட்ச லட்சமா பவுன் சுருட்டினான். மிஷின் வந்துச்சு, துரைங்க வந்தாங்க. கல்லை ஒடைச்சுப் பாத்தா தங்கம் கூலிக்கே காணல. ரெண்டு மூணு வருசத்துல எல்லாம் காலி. குளுரு தெரியாம தங்கம் அள்ளினது லண்டன்ல கணப்பு பக்கத்துல குந்தி பங்கு வித்தவன்தான்.

கனடா பக்கம் கிளாண்டைக்ல 1896ல தங்கம் கெடைச்சப்போகூட, ஆறு உறைஞ்ச மாசத்துல எவனும் தண்ணியில எறங்கல. நெருப்பு மூட்டி, உறைஞ்ச மண்ணை எளக வெச்சு, வெட்டிக் குமிச்சு வெச்சான். வெயில் வந்து பனி கரைஞ்ச பிறகுதான் அலசினான். பேராசைக்காரனுக்கே அந்தளவு அறிவு இருந்துது.

பழைய சுரங்கக் குழிக்குள்ள மட்டும் தலையை வுடாத. மண்ணு சரியும், மூச்சு முட்டும். பாதரசத்தைக் காய்ச்சித் தங்கம் பிரிக்கறேன்னு எவனாவது சொன்னா, அவன் பக்கத்துலயே நிக்காத, அந்தப் புகை நரம்பைத் தின்னுடும். அனுமதி இல்லாம தோண்டினா வனத்துறையும் போலீசும் வந்து இட்டுகினு போவாங்க. லாக்கப்புல குளுரு எப்படின்னு எனக்குத் தெரியாது, நீ வந்து சொல்லு.

இவ்ளோ கேட்டும் போறேன்னா போ. மெட்ரோவுல சென்ட்ரல் போய் நீலகிரி எக்ஸ்பிரஸ் புடி. ஆடி, ஆவணி வேணாம், தை பொறந்து போ. ஆத்தைப் பாரு, காலை நனை, கெளம்பி வா. வரும்போது மாமனுக்குத் தங்கம் கிங்கம் ஒண்ணும் வேணாம். ஊட்டி பஸ் ஸ்டாண்டுல வர்க்கி ஒரு கிலோ, மறக்காம வாங்கினு வா.