புதுச் செயின், பழைய பல்: கியர் சைக்கிள் கேள்வி-பதில்

21 கியர் சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டேன். பச்சைமலைப் பக்கம் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் 'டக்டக்'கென்று குதிக்கிறது. பழைய செயின் குதிக்கவே இல்லை. ஏமாந்துவிட்டேனா? (கல்லூரி மாணவர், வேப்பந்தட்டை)

இல்லை. செயின் நல்ல செயின்தான், பின்னால் இருக்கும் பல்சக்கரம்தான் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த செருப்பு போட்டவர் காலுக்குத்தான் பொருந்தும், இரவல் வாங்கியவரைக் கடிக்கும். புதுச் செயினில் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஓட ஓடப் பின்கள் தேய்ந்து இந்த இடைவெளி கூடும். கூடின அளவுக்கு ஏற்பப் பல்லும் தேயும். அதில் சரியான அளவுள்ள செயினைப் போட்டால் பாரம் ஓரிரு பல்லின் மேலேயே விழும், செயின் ஏறிக் குதிக்கும். உங்களுடையது 7 பல்சக்கர அடுக்குள்ள ஃப்ரீவீல். அந்த ஃப்ரீவீலை மாற்றுங்கள், குதிப்பு நிற்கும்.

பல் தேய்வா, டியூனிங் கோளாறா? கடைக்குப் போகும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா? (ஜெயங்கொண்டம் வாசகர்)

முடியும். எப்போது குதிக்கிறது என்று கவனியுங்கள். அதிகம் ஓட்டிய ஓரிரு கியரில், அழுத்தும்போது மட்டும் என்றால் பல் தேய்வு. எல்லாக் கியரிலும் தடுமாறினால் கியர் கேபிள் தளர்வு. புதுக் கேபிள் சில நாளில் தளர்வது இயல்புதான், பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்துத் திருகை அரைச் சுற்று இடமாகத் திருப்பிப் பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் டீரெய்லரைத் தாங்கும் ஹாங்கர் வளைந்திருக்கலாம். சீரான இடைவெளியில் ஒரே ஒரு 'டக்' வந்தால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் அந்தக் கண்ணி மட்டும் நிமிராமல் வருவது தெரியும். பக்கவாட்டில் மெல்ல வளைத்துத் தளர்த்துங்கள். செயின் குதிக்காமல் பெடலோடு சேர்ந்து ஓடியும், பின்சக்கரத்தைத் தள்ளாமல் வழுக்கினால் கோளாறு ஃப்ரீவீலுக்குள். அப்போது மிதிக்காதீர்கள், தள்ளிக்கொண்டே கடைக்குப் போங்கள்.

தங்கைக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் சும்மா நிற்கிறது. அதன் செயினை என் கியர் சைக்கிளில் மாட்டலாமா? (செந்துறை வாசகர்)

வேண்டாம். அதிலும் பின்னுக்குப் பின் அரை அங்குலம்தான், ஆனால் அகலம் கூடுதல். பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசி, கியர் சரியாக மாறாது. பின்னால் எத்தனை சக்கரம் இருக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கான செயினையே கேளுங்கள். 10 அடுக்குச் சக்கரத்தில் 8 அடுக்குச் செயின் போட்டாலும் இதே தொல்லைதான். தங்கையின் சைக்கிளைத் தங்கைக்கே ஓட்டக் கொடுங்கள்.

சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையில் தினமும் போகிறேன். நிறைய எண்ணெய் விட்டால் செயின் தேயாதல்லவா? (கல்லங்குறிச்சி வாசகர்)

சீக்கிரம் தேயும்! வெளியில் வழியும் எண்ணெயில் புழுதி ஒட்டி அரைக்கிற மாவாகிவிடும். பழைய துணியால் செயினைத் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து வெளிப்பக்கத்தை மறுபடி துடையுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே வேண்டாம். காரை ஊர்ப் பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் ஓட்டுபவர்கள், மழைக்குப் பின் சேற்றைக் கழுவிக் காயவிட்ட பிறகே எண்ணெய் விடுங்கள்.

செயினை எப்போது மாற்றுவது? (பெரம்பலூர் வாசகர்)

அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அதை விட்டு எண்ணினால், புதுச் செயினில் 24-வது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். வீசம் (1/16) தாண்டினால் செயினை மாற்றுங்கள். அரைக்கால் (1/8) தாண்டிவிட்டால் பல்சக்கரமும் பெரும்பாலும் போயிருக்கும், இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். வீசத்திலேயே மாற்றிவந்தால் ஒரே பல்சக்கரம் இரண்டு மூன்று செயினுக்கு உழைக்கும். ஆகவே, அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.