பேண்ட்சாவுக்கு வாழ்க்கைப்பட்டவர்

ஊருக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒருவர். பம்ப் கம்பெனியிலோ மில்லிலோ காலமெல்லாம் இரும்போடு புழங்கி ஓய்வு பெற்றவர். காருக்கென்று கட்டிய ஷெட்டில் லேத்து நிற்கும். கார் வேப்பமரத்தடியில் நிற்கும். ஷெட்டுக்கு நடுநாயகமாக இரும்பு அறுக்கும் சின்ன பேண்ட்சா ஒன்று.

தைவானிலும் பிறகு சீனாவிலும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்து, ஒரு கடைக்குச் சிவப்பு, இன்னொரு கடைக்குப் பச்சை என்று பெயிண்டை மட்டும் மாற்றி உலகம் பூராவும் விற்கிற மெஷின் அது. நாலு அங்குல ராடை வைஸில் இறுக்கிவிட்டால் போதும், தலை தன் கனத்திலேயே இறங்கி அறுக்கும். அறுத்து முடித்ததும் சுவிட்சைத் தட்டித் தானே நின்றுகொள்ளும். அட்டைப்பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது. விலை மலிவு என்பதால் வாங்கினார் என்று அவர் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறார். குறை இருக்கிறது என்பதற்காகவே வாங்கினார் என்பது என் கட்சி.

மற்றவர்கள் பெட்டியைப் பிரிப்பார்கள். நம்மவர் வந்த அன்றே மெஷினைப் பிரித்துவிட்டார். கியர் பாக்ஸ் மூடியைக் கழற்றி, விரலை விட்டுத் துழாவி, கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்தார். "மணலுங்க தம்பி. வார்ப்பு மணல். கழுவாமயே மூடியிருக்கான்." குரலில் கோபம் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். அடுத்து ஸ்டாண்டு. கூடவே வந்த தகரக் கால்களைக் கடாசிவிட்டு, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஆங்கிளை எடை போட்டு வாங்கி வந்து, யானை சாய்ந்தாலும் அசையாத ஸ்டாண்டு ஒன்றை வெல்டு வைத்தார். அந்த ஆங்கிளை எதில் அறுத்தார் என்கிறீர்களா? கையால், ஹேக்ஸாவில். பேண்ட்சாதான் பிரித்துக் கிடந்ததே!

கோணலாக அறுப்பது இந்த மெஷினின் பிறவிக் குணம். பிளேடு சக்கரங்களின் மேல் சாய்ந்தவாக்கில் ஓடி வருகிறது. அறுக்கும் இடத்தில் அதை முறுக்கிச் செங்குத்தாக நிறுத்துவது சின்னச் சின்ன பேரிங்குகளின் வேலை. ஒரு பேரிங் மயிரிழை தள்ளியிருந்தாலும் அறுபட்ட முகம் சாய்ந்துவிடும். அந்த பேரிங் உட்கார்ந்திருக்கும் போல்ட்டு மையம் தப்பிய போல்ட்டு; ஸ்பானரால் லேசாகத் திருப்பினால் பேரிங் பிளேடை நெருங்கும், கொஞ்சம் கூடினால் பிளேடுக்கு மூச்சு முட்டும். நம்மவர் திருப்புவார். ஒரு வில்லை அறுப்பார். மூலைமட்டத்தை வைத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடிப்பார். "வெளிச்சம் தெரியுதுங்களா?" எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிறது என்று சொல்லிவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். அறுத்துத் தள்ளிய வில்லைகள் அந்த வீட்டில் கதவுக்கு முட்டாகவும், பேப்பருக்குப் பாரமாகவும், பேத்தியின் செப்புச் சாமானில் தோசைக்கல்லாகவும் பிழைக்கின்றன.

தலை தொப்பென்று இறங்கினால் பிளேடின் பல் போய்விடும். அதை எண்ணெய் சிலிண்டர் ஒன்று மெல்லத் தாங்கி இறக்க வேண்டும். அதற்காக வாசல் கதவின் டோர் குளோசர் ஷெட்டுக்குக் குடிபோனது. இப்போது பேண்ட்சா பூப்போல இறங்குகிறது. வாசல் கதவு அடிக்கிற அடியில் தெருவே திரும்பிப் பார்க்கிறது. வைஸையும் விடவில்லை. குட்டையான துண்டை ஒரு ஓரத்தில் பிடித்தால் தாடை மறு ஓரத்தில் சாயும் என்று, அங்கே துளை போட்டு, மரை வெட்டி, ஒரு தாங்கு போல்ட்டு வைத்திருக்கிறார். உண்மையாகவே அருமையான வேலை. ஒரு கம்பெனிக்காரனுக்கு இது தோன்றாமல் போனதே என்று எனக்கே ஆற்றாமை வந்தது.

இத்தனை செம்மை செய்த மெஷினில் ஒரு பைப்பை அறுத்துக்கொள்ளலாம் என்று, துணிக்கொடி கட்ட வாங்கியதைத் தூக்கிக்கொண்டு போனேன். நம்மவர் வெர்னியரை எடுத்தார்.

"தகடு ஒன்றரை மில்லி. நம்ம பிளேடு அங்குலத்துக்குப் பதினாலு பல்லு. பல்லுக்குப் பல்லு ஒன்னே முக்கா மில்லிக்கு மேல வருது. எந்நேரமும் மூணு பல்லாவது இரும்புல உக்காந்திருக்கோணும் தம்பி. இதுல ஒன்னுகூட உக்காராது. பல்லு கொட்டிரும்."

"அப்ப எதுலதானுங்க அறுக்கிறது?"

ஹேக்ஸாவை எடுத்து நீட்டினார்.

பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். வில்லைகளைத் தள்ளிவிட்டால், அந்த பேண்ட்சா இதுவரை அறுத்த இரும்பெல்லாம் அதற்கே வேண்டிய இரும்புதான்: அதன் பிராக்கெட், அதன் மேசை, அதன் கூலன்ட் தட்டுக்குக் கால்.

பெங்களூரிலிருந்து வந்த பையனுக்கு மனசு கேட்கவில்லை. "நல்லதா ஒன்னு வாங்கித் தர்றேன், வாங்கப்பா" என்று கடைக்கே கூட்டிப் போனான். பெரிய மெஷின், ஹைட்ராலிக் இறக்கம், கூலன்ட் பம்ப் எல்லாம் இருந்ததாம். கடைக்காரர் எதிரிலேயே ஒரு ராடை அறுத்துக் காட்ட, நம்மவர் சட்டைப் பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்துச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தாராம். மறுநாள் அந்த அம்மாவிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நேரா அறுக்குதாமா. வேண்டான்னுட்டு வந்துட்டாரு. வர்ற வழியில பேரிங் மட்டும் ரெண்டு வாங்கியாந்தாரு."